வலங்கைமான் வட்டாரத்தில் முதல் நாய்: தேர்வும் திட்டச் செலவும் குறித்த ஓர் ஆய்வு

இயல் 1: எல்லை

ஒரு குடும்பம் பல நாய்களை வளர்க்கலாம். முதல் நாய் ஒன்றுதான். இரண்டாவது நாய் வரும்போது பழைய சங்கிலி இருக்கும், நசுங்கிய அலுமினியத் தட்டு இருக்கும், அது எங்கே படுக்கும் என்ற சண்டையும் நடந்து முடிந்திருக்கும். ஆகவே இரண்டாவது நாயில் ஆய்வுக்குரிய சிக்கல் ஏதும் இல்லை. இக்கட்டுரை முதல் நாயை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வாசலில் படுத்துக்கொண்டு, போட்டால் தின்று, போடாவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போகிற நாய் வளர்ப்பு நாயா என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி வீட்டில் இரண்டு பேராவது திட்டினால் அது வளர்ப்பு நாய் என்று இவ்வாய்வு கொள்கிறது.

களம் வலங்கைமான். 1997 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து, திருவாரூர் மாவட்டம் உருவானபோது அதோடு சேர்ந்த ஊர். கலெக்டர் ஆபீசுக்குத் திருவாரூர், மற்றதுக்கெல்லாம் கும்பகோணம் என்பது ஊர்ப் பழக்கம். நாய்ச் சங்கிலி 'மற்றதில்' அடங்கும். இந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ நாய் வளர்ப்பவருக்கு இல்லாத ஒரு சங்கடம் வலங்கைமான்காரருக்கு இருக்கிறது. அவர் ஊர் வெடி செய்கிற ஊர். தீபாவளி நெருங்கினால் சுற்றுப்பட்டுச் சனம் பையை எடுத்துக்கொண்டு அங்கேதான் வரும். நாய் மட்டும்தான் அங்கிருந்து ஓடப் பார்க்கும்.

இயல் 2: முன்னோர் கண்டவை

இத்துறையின் மூலநூல் மகாபாரதம். சரமை என்கிற நாயின் குட்டியை சனமேசயனின் தம்பிமார் காரணமில்லாமல் அடித்துவிட, தாய் வந்து நியாயம் கேட்கும் கதை ஆதிபருவத்திலேயே வருகிறது. கடைசியில், தன்னோடு நடந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் வர மாட்டேன் என்று தருமர் நிற்கிறார். நாயோடு வருகிறவருக்கு இங்கே இடமில்லை என்கிறான் இந்திரன். சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. வழியில் அந்த நாய் என்ன தின்றது, யார் செலவில் தின்றது என்பதுதான் விளங்கவில்லை. நாயின் விசுவாசத்தை எழுதுகிறவர்கள் நாயின் சோற்றுக் கணக்கை எழுதுவதில்லை என்பது இத்துறையில் நெடுங்காலமாக உள்ள குறை.

கல்லில் உள்ள சான்று இன்னும் உறுதியானது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்துபோன கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் காத்து நின்றது என்றும் எழுதியே வைத்திருக்கிறார்கள். சுமார் 1,400 ஆண்டுக்கு முந்தைய இந்த ஆவணம் இரண்டு செய்திகளைத் தருகிறது. நாய்க்குப் பெயர் வைக்கும் வழக்கம் நமக்குப் பழையது. அந்தப் பெயர் டைகர் அல்ல. இன்னொன்று, கோவிவனுக்குக் கடிக்கும் அதிகாரம் இருந்தது. நம் காலத்து நாய்க்குக் குரைக்க மட்டுமே அனுமதி; கடித்துவிட்டால் பஞ்சாயத்து, ஊசிச் செலவு, அண்டைவீட்டு உறவு முறிவு என்று மூன்று தலைப்பில் கணக்கு எழுத வேண்டியிருக்கும்.

பிற்கால ஆசிரியர்களில் சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி 2017-இல் ஒரு நூலே எழுதினார். அவர் நாயை நேசிப்பவர், ஆகவே அவரை நடுநிலையாளர் என்று சொல்ல முடியாது. இக்கட்டுரையாசிரியருக்கு அந்தக் குறை இல்லை.

இயல் 3: இனமும் வெடியும்

தமிழ்நாட்டில் பேர்பெற்ற நாயினங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டம், கோம்பை தேனி மாவட்டம், கன்னியும் அந்தத் தெற்குச் சீமைதான். பெரும்பாலும் மானாவாரி பூமி. காவிரிப் பாசனத்தில் பேர்சொல்ல ஓர் இனம் கிடையாது. ஆய்வாளர் தரும் விளக்கம் இது: முயலை விரட்ட வெட்டவெளி வேண்டும், இங்கே குறுவை, சம்பா என்று பாதி வருஷம் வயல் சேறாகக் கிடக்கும். சேற்றில் முயலும் ஓடாது, சிப்பிப்பாறையும் ஓடாது. டெல்டா நாய்க்கு வாய்த்த வேலை நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, லாரி வந்தால் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பது. அதை அது குறையில்லாமல் செய்து வருகிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்கு அறிவியல் ஆதாரம் உண்டு. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு படிதான் இருக்க, நாயிடம் நான்கு முதல் முப்பது படி வரை இருக்கிறதாம். மனிதர் தின்ற தானியத்தில் மிஞ்சியதைத் தின்று செரிக்கப் பழகியது ஓநாய் நாயானதில் முக்கியமான கட்டம் என்பது அவர்கள் முடிவு. சுருக்கமாகச் சொன்னால், சோறு தின்னத் தெரிந்ததால்தான் அது நாய். நெற்களஞ்சியத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இதைச் சொல்ல ஸ்வீடனிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. வலங்கைமானில் எந்த அப்பாயியைக் கேட்டிருந்தாலும் மானியம் வாங்காமல் சொல்லியிருப்பார்.

ஆனால் நாய் கேட்டு அடம்பிடிக்கும் பையனின் மனதில் கொள்முதல் நிலையத்து நாய் இருப்பதில்லை. அவன் கேட்பது சினிமாவில் பார்த்த லேப். கொஞ்சம் மூத்த தலைமுறை கேட்பது நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லும் வெள்ளைச் சடை நாய்; 1994-இல் வந்த ஒரு இந்திப் படத்தில் கிரிக்கெட் அம்பயராகக்கூட நடித்த ஜாதி. 2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் ஓடிய பக் நாயை இன்றும் கம்பெனி பேர் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அதன் மூக்கு சப்பை. நாய்க்கு நம்மைப் போல வேர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சப்பை மூக்கால் அதுவும் சரியாக முடியாது. சித்திரை வெயிலில் கரண்ட் போன வலங்கைமான் மத்தியானத்தைப் பக்கிடம் காட்டுவது பாவம். காட்டாமல் இருக்க ஏசி வாங்கினால் நாய்க்கான பட்ஜெட் வீட்டுக்கடன் ஆகிவிடும்.

மிஞ்சுவது கௌரவத் தேர்வான ராஜபாளையம். 2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது தமிழ்நாட்டு நாய் என்று போனது இதுதான். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேர்சொல்லிப் பாராட்டிய நாய்களிலும் இது உண்டு. வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, நெட்டைக் கால். ஒரே ஒரு குறை: இந்த வெள்ளை இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. வெள்ளை முடிக்கும் காதுக்கும் உள்ள இந்தத் தொடர்பு டால்மேஷியன் போன்ற வேறு இனங்களிலும் பார்க்கக் கூடியதுதான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பார்கள். திரும்பாத குட்டியை விட்டுவிடுவார்கள்.

வலங்கைமான் நோக்கில் இவ்வழக்கம் மறுபரிசீலனைக்கு உரியது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிட, நாய்க்கு 45,000 வரை கேட்கும். சட்டம் ஒரு வெடிக்கு அனுமதிக்கும் சத்தம் நான்கு மீட்டர் தள்ளி 125 டெசிபல். தமிழ்நாட்டில் தீபாவளிக்கு வெடி நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று 2018-இலிருந்து அறிவித்து வருகிறார்கள். அறிவிப்பு நாய்க்கு வந்து சேராததால் அது முந்தின வாரமே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. அங்கிருந்து அதை வெளியே எடுக்க மூத்திரம், தயிர்ச்சாதம் என்று எந்த நியாயமும் செல்லாது. இந்நிலையில் செவிட்டு ராஜபாளையம் திண்ணையில் நீட்டிப் படுத்து நிம்மதியாகத் தூங்கும். திருடன் வந்தாலும் தூங்குமே என்பது மறுப்பு. இது பற்றி வெடிக்கடைக்காரர் ஒருவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. "எங்க தெருவுக்குத் திருட வர்றவன் பீடி பத்த வெக்காம வரணும். அவ்வளவு கட்டுப்பாடு உள்ளவனை நாய் என்னங்க பண்ணும்?" என்றார். மறுப்பு நிலுவையில் உள்ளது.

செவிட்டுக் குட்டிக்கு மாற்று உண்டா? உண்டு. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்கர்கள் 1965-இல் வெளியிட்ட நூலில், குட்டி உலகத்தோடு பழகிக்கொள்ளும் பருவம் மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை என்று காட்டினார்கள். பின்வந்த பயிற்சியாளர்கள் சத்தத்துக்கும் இதையே சொல்கிறார்கள். நம் தெரு நாய்கள் பெரும்பாலும் புரட்டாசியை ஒட்டிச் சேர்ந்து, 63 நாள் சுமந்து, கார்த்திகை மார்கழியில் ஈனுகின்றன. மார்கழிப் பிற்பாதியில் பிறந்த குட்டிக்கு மூன்றாம் வாரத்திலிருந்து தை, மாசி முழுக்கக் கல்யாண மேளம், காதுகுத்து வெடி, சாவு வெடி. பன்னிரண்டாம் வாரம் முடிவதற்குள் பங்குனி இரண்டாம் ஞாயிறு.

அன்றைக்குத்தான் மகாமாரியம்மன் கோயில் பாடைக்காவடி. சாகக் கிடந்து பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டபடி குடமுருட்டியில் குளித்து, நெற்றியில் காசு ஒட்டி, மூங்கில் பாடையில் படுத்துக்கொள்ள, உறவுக்காரர் நாலு பேர் தூக்க, கொள்ளிச்சட்டி முன்னே போக, பறை அதிர வெடி வெடித்துக் கோயிலைச் சுற்றி வருவார்கள். சுற்றி முடிந்ததும் பாடையில் இருப்பவர் எழுந்து வீட்டுக்கு நடந்து போவார். இதைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பார்த்துவிட்ட ஒரு குட்டியை இந்த உலகத்தில் வேறெதுவும் திடுக்கிட வைக்க முடியாது. ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு இதுதான்: வெடியூருக்கு ஏற்ற நாயை ஏற்கெனவே ஊரே தெருவில் வைத்துத் தயாரித்து வருகிறது. விலை, தாய் நாய் பார்க்காத நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடும் துணிச்சல். எட்டு வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதால் ஓடுகிறவர் கொஞ்சம் பொறுத்து ஓட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பாடையில் படுப்பவர் நாயின் எஜமானராக இருந்தால், அன்று நாயை வீட்டில் கட்டிப் போடவும். நாய் நேர்த்திக்கடன் அறியாது. பாடையின் பின்னாலேயே ஊளையிட்டுக்கொண்டு வந்தால் தூக்குகிற மச்சான்களுக்குச் சிரிப்பு வரும், பாடை சரியும்.

இயல் 4: பூனை

ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது. பூனையின் விருப்பமும் அதுவே.

இயல் 5: எதிர்ப்புத் தரப்பு

டெல்டாக் குடும்பத்தில் நாய் வருவதை முதலில் எதிர்ப்பவர் தாத்தா. அவர் வாதம் தொப்புளிலிருந்து தொடங்கும். செம்மறியாட்டு மூளையில் தயாரித்த மருந்தை வயிற்றில் தொப்புளைச் சுற்றி 14 ஊசியாகப் போட்டுக்கொண்ட தலைமுறை அவருடையது. அந்த மருந்து இந்தியாவில் 2004-ஓடு போய்விட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் கையில், நான்கு தவணையில் முடிகிறது, கடி ஆழமாக இருந்தால் சீரமும் சேர்த்து. இதை எடுத்துச் சொன்னால், "நாலுதானே, நீ போட்டுக்கோ" என்பார்.

கேலியை நிறுத்திவிட்டுச் சொன்னால், தாத்தா பயத்தில் நியாயம் இருக்கிறது. வெறிநாய்க்கடியில் நோய்க்குறி தெரிந்த பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை. பாரிஸில் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டது 1885-இல். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது 1907-இல். இத்தனை வருஷம் கழித்தும் கடிபட்ட இடத்தில் மிளகாய்ப்பொடி அப்புகிற வீடுகள் உண்டு. வேண்டியது சோப்பும், குழாய்த் தண்ணீரும், கால் மணி நேரப் பொறுமையும், உடனே ஆஸ்பத்திரியும்தான். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு வருஷா வருஷம் தொடர்ந்தால் தாத்தாவின் தொப்புள் பத்திரமாக இருக்கும்.

இரண்டாவது எதிர்ப்பாளர் பையனின் அம்மா. அவர் கொள்கை பேசுவதில்லை, நிர்வாகம் பேசுவார். "ஏங்க, உங்க புள்ள நாய் கேக்குறான். குளிப்பாட்டுறது யாரு, பீ அள்ளுறது யாருன்னு அதையும் கேட்டுச் சொல்லுங்க." பையன் இரண்டுக்கும் தானே பொறுப்பு என்று சாமி படத்தின் முன் சத்தியம் செய்வான். இவ்வகைச் சத்தியத்தின் ஆயுள் குட்டிக்குப் பல் முளைக்கும் காலத்தைவிடக் குறைவு. அதன் பிறகு நாயின் நடைமுறை உரிமையாளர், கேள்வி கேட்ட அம்மாதான். நாயும் இதைப் பையனுக்கு முன்பே கண்டுகொண்டு அடுப்படி வாசற்படியில் தாடையை வைத்துப் படுத்துவிடும்.

தாத்தாவின் மனமாற்றம் வேறு வழியில் நடக்கிறது. சாயங்காலம் காப்பி வரும். மாரி பிஸ்கட்டை உடைத்துப் பாதியை நனைத்து வாயில் போடுவார். மீதிப் பாதி டம்ளருக்குக் கீழே எங்கோ போகும். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து உரத்த குரலில், "இந்த நாயை ஏன்மா இங்க விடுறீங்க?" என்பார். "பிஸ்கட் இன்னும் ரெண்டு வேணுமா மாமா?" என்று மருமகள் உள்ளிருந்தே கேட்பார். விவாதம் இத்துடன் முடிகிறது. நாய் எழுந்திருப்பதே இல்லை.

இயல் 6: வரவு செலவுத் திட்டம்

நாய் விற்ற காசு குரைக்காது என்பது பழமொழி. நாய்க்குச் செலவழித்த காசு குரைக்குமா என்பதை எவரும் ஆராயவில்லை. கீழ்வரும் கணக்கு அதற்கான முதல் முயற்சி.

பால். நாய் என்றால் பால் என்று நம்பும் குடும்பம் அரை லிட்டர் நீல ஆவின் பாக்கெட் ஒன்றை 20 ரூபாய்க்குச் சேர்த்து வாங்கும். வருஷத்துக்கு 7,300. நாய் பன்னிரண்டு வருஷம் இருந்தால் 87,600. இந்த ஒரு தலைப்பு போதும், ராஜபாளையக் குட்டியின் விலையெல்லாம் சில்லறை என்று விளங்கும். இத்தனைக்கும் வளர்ந்த நாய்க்குப் பால் தேவையே இல்லை. பலவற்றுக்கு வயிறு கலங்கும். செலவைச் செய்வது நாயின் பசி அல்ல, நம் பாசம்.

சோறு. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். குடும்ப அட்டையில் நாயின் பெயர் சேர்க்க வழியில்லாததால் அது தாத்தாவின் பங்கில் சாப்பிடுவதாகப் பதிவு செய்க. ஊற்றுகிற குழம்பில் கவனம் வேண்டும். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சின்ன வெங்காயச் சாம்பாரும் திராட்சை போட்ட பாயசமும் இல்லாமல் விசேஷம் நடக்காத கும்பகோணச் சுற்றுவட்டாரத்தில், மிஞ்சியதை நாய்க்கு வைக்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்து என்பதை இலை போடும்போது யாரும் நினைப்பதில்லை. தயிர்ச்சாதம் பாதுகாப்பு. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கோழிக்கால், கழுத்து, தோல் என்று தனியாகக் கேட்டு வாங்கினால் விலை சொற்பம். புரட்டாசியில் வீடே சைவமாகும்போது நாய் சைவத்தை ஏற்காமல், இரண்டு தெரு தள்ளி வேறொரு வீட்டில் வேறொரு பெயரில் சாப்பிட்டுவிட்டு வருவது உண்டு.

மருத்துவம். ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கிப் பார்வோ முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணிக்குச் சொட்டு மருந்து. கூட்டு ஊசியை வெளியே வாங்கிப் போட்டால் தவணைக்குச் சில நூறு ஆகும். பார்வோ வந்து குட்டி ரத்தமாகக் கழிய ஆரம்பித்தபின் ஏற்றுகிற குளுக்கோஸ் செலவில் கால்வாசிகூட இல்லை அது. பெரிய வைத்தியம் என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி. போக்குவரத்து எக்ஸ்எல் வண்டி. முன்பலகையில், உரமூட்டை வைக்கிற இடத்தில், நாய் உட்கார்ந்துகொள்ளும். காது இரண்டும் பின்னால் பறக்க, வழியில் உள்ள எல்லா ஊர் நாய்களையும் அலட்சியமாகப் பார்த்துக்கொண்டு வரும். திரும்பி வரும்போது அந்த மிடுக்கு இருக்காது.

சேதாரம். செருப்பு. ஒரு ஜோடியில் ஒன்றைத்தான் கடிக்கும் என்பதால் செலவை ஜோடிக் கணக்கில் எழுத வேண்டும். விருந்தாளியின் புதுச் செருப்பைத் தேர்ந்தெடுக்கும் திறன் எல்லா இனத்துக்கும் பொது.

இனி வரவு. இதை இதுவரை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. முதல் நாய் வந்த பிறகு குடும்பம் மொத்தமாக வெளியூர் போக முடியாது. "வீட்ல நாய் இருக்கு, யாராவது ஒருத்தர் இருக்கணும்ல" என்ற வாக்கியம் புழக்கத்துக்கு வரும். முதலில் உண்மையாகச் சொல்லப்படும். பிறகு தூரத்துச் சொந்தத்தில் கிரகப்பிரவேசம், பார்த்தேயிராத பையனின் நிச்சயதார்த்தம், சீர்காழிக்கு அந்தப் பக்கம் ஒரு காதுகுத்து எல்லாவற்றுக்கும் இவ்வாக்கியமே பதிலாக அமையும். ஒவ்வொன்றிலும் மொய் 500, பஸ், பூ, வரும் வழியில் சாப்பாடு என்று மிச்சமாகும் தொகையை நாயின் பேரில் வரவு வைத்தால், முகூர்த்தம் மிகுந்த தையிலும் வைகாசியிலும் நாய் உபரி பட்ஜெட் காட்டும்.

ஆட்சேபம் ஒன்று எழலாம். மொய் செலவல்ல, கடன். இன்று வைக்காதவருக்கு நாளை திரும்பாது. பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய்விருந்து என்றே தனியாக வைத்து நோட்டுப் போட்டு வசூலிக்கிற மண்டலத்தில் இந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. நாய் ஈட்டித் தரும் உபரி, பெண்ணின் கல்யாணத்தன்று மொய் நோட்டில் பற்றாக்குறையாகத் தெரியும். ஆக, செலவழித்த காசு குரைக்கிறதா என்ற கேள்விக்கு விடை: குரைக்கிறது, ஆனால் இருபது வருஷம் கழித்து, கல்யாண மண்டபத்தில்.

இயல் 7: ஆணா, பெண்ணா

தெருவில் ஈன்ற குட்டிகளில் ஆண் குட்டிகளை முதலில் வந்தவர்கள் தூக்கிப் போயிருப்பார்கள். இக்கட்டுரையைப் படித்து முடித்துவிட்டுப் போகிறவருக்குப் பெண் குட்டிதான் மிஞ்சும். அது காவலுக்குக் குறைந்ததில்லை, வீட்டைச் சுற்றியே இருக்கும், வம்புச் சண்டை குறைவு. கருத்தடை செய்துவிட்டால் வேறு கவலை இல்லை. அடுத்த வாரம் கூட்டிப் போகலாம், அறுப்பு முடியட்டும், பையனுக்குப் பரீட்சை முடியட்டும் என்று எக்ஸ்எல் வண்டி தள்ளிப் போகும். அதற்குள் புரட்டாசி வந்துவிட்டால், அதிலிருந்து 63-ஆம் நாள் இவ்வாய்வின் தலைப்பிலுள்ள ஒருமை செல்லாததாகிவிடும். அப்போது குட்டி வேண்டுமா என்று தெருத்தெருவாகக் கேட்டுப் போகும் குடும்பத்தார் குட்டியோடு இக்கட்டுரையின் படி ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஆறாம் இயலை மட்டும் கிழித்துவிடவும்.